பிரண்டையும் பிராணநாதனும்

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு இரண்டு வியாதிகள் வரும். முதலாவது மூட்டுவலி. இரண்டாவது மூலிகை. முதல் வியாதி அவனோடு நின்றுவிடும். இரண்டாவது வீட்டிலுள்ள அத்தனை பேரையும் படுத்தும்.

எனக்கு இரண்டும் ஒரே கோடையில் வந்தன. மாடிப்படியில் பாதி ஏறியதும் நிற்க ஆரம்பித்தேன். காற்று வாங்குகிறேன் என்று கொஞ்ச நாள் சமாளித்தேன். எங்கள் மாடிப்படி நாலு பக்கமும் சுவர் வைத்தது என்பதால் அந்தச் சமாளிப்பு நெடுநாள் ஓடவில்லை. டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வயசுக்கேத்த தேய்மானம்தான் சார், நல்லா நடங்க" என்றார். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை வாங்கினேன், நடப்பதை மட்டும் அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

வந்த வழியில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. கால்சியத்துக்கு எதற்கு மருந்துக்கடை? கொல்லை வேலி முழுக்கக் கிலுவைமேல் பிரண்டை படர்ந்து கிடக்கிறதே! ஒரத்தநாட்டுக்காரன் பிரண்டை இருக்கக் காசு கொடுத்துக் கால்சியம் வாங்குவதா? அன்று இரவு கைபேசியில் பிரண்டையைப் பற்றிப் படித்துத் தள்ளினேன். விடிந்தபோது முழங்கால் வலி அப்படியே இருந்தது. ஆனால் அதைப் பற்றிப் பேச என்னிடம் விஷயம் இருந்தது.

பிரண்டையைப் பார்க்காத டெல்டாக்காரர் இருக்க முடியாது. நான்கு பட்டையாக, கணுவுக்குக் கணு ஒடித்துவைத்த மாதிரி வளரும் கொடி. கணுவில் ஒரு பற்றுக்கம்பி, எதிரே தடித்த ஓர் இலை. சாதாரணப் பிரண்டை இது. ஓலைப் பிரண்டை, உருட்டுப் பிரண்டை, முப்பிரண்டை என்று சொந்தக்காரர்கள் உண்டு. தாவரவியல்படி இது திராட்சைக் குடும்பம். பங்காளி பந்தலில் குலைகுலையாகத் தொங்கிக் காசு பார்க்கிறான். இவன் கிலுவை வேலியிலேயே காலத்தை ஓட்டிவிட்டான். இவனுக்கும் குட்டிக் குட்டியாகச் சிவப்புப் பழம் உண்டு. வாயில் போட்டால் அரிக்கும்.

தண்ணீர் விடாமலே சித்திரை வெயிலைத் தாங்குவது எப்படி என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. பிரண்டைத் தண்டு பகலில் இலைத்துளைகளை மூடி வைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேமித்துக்கொள்ளும். கள்ளிச்செடிகளின் உத்தி. பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் உறங்கியபின் விழித்து அடுக்களையில் உருட்டும் எங்கள் கல்லூரிப் பையனும் இதே ரகம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து எங்கள் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்துப் போட்டபோது, வேலியில் அறுந்து விழுந்த பிரண்டைத் துண்டுகள் விழுந்த இடத்திலேயே வேர்விட்டன. இழப்பீட்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

காலையில் காப்பிக்கு முன்பே அறிவித்தேன்: "இனிமேல் இந்த வீட்டில் பிரண்டைதான் மருந்து."

"பெத்த வயித்துல பெரண்டைய வச்சுத்தான் கட்டிக்கணும்" என்றார் அம்மா, திண்ணையிலிருந்து. பிள்ளை சரியில்லாதபோது எங்கள் பக்கத்துத் தாய்மார் சொல்வது. என் திட்டத்துக்கு அம்மாவின் ஆதரவு என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி, "செய்றதுக்கு ஆள் யாரு?" என்று மட்டும் கேட்டார். சரித்திரத்தில் எத்தனையோ பெரிய திட்டங்கள் இந்தக் கேள்வியில்தான் முடங்கியிருக்கின்றன. சரித்திரத்தையே துணைக்கு அழைத்தேன். நம்மூர் முக்தாம்பாள் சத்திரத்தை எடுத்துக்கொள். இரண்டாம் சரபோஜி மன்னர் 1800-களின் தொடக்கத்தில் கட்டியது. ராமேசுவரம் போகும் யாத்திரீகர்களுக்குச் சோறும் தங்க இடமும். தம் சத்திரங்களில் நோயாளிகளைக் கவனிக்க, வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் மருந்து தர, வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்று 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார். தஞ்சாவூரில் தன்வந்திரி மகால் வைத்து மருந்து செய்தார். அவர் காலத்து வைத்திய முறைகளைச் சரசுவதி மகால் நூலகம் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று நோய்வாரியாகப் புத்தகம் புத்தகமாகப் போட்டிருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு...

"காசியிலேருந்து ராமேசுவரத்துக்கு நடந்தே வந்தவங்களுக்குக் கட்டின சத்திரம் அது. நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கேக்குறீங்க" என்றார்.

சரித்திரம் கைவிட்டதால் நானே அரிவாளை எடுத்தேன்.

பிரண்டையில் கை வைக்குமுன் உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பது இந்த ஜில்லாவில் பத்து வயதுப் பெண்குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அதைவிட உயர்ந்த விஷயம். அதாவது, பிரண்டைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியாக, கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. தண்டை நசுக்கினால் அந்த ஊசிகள் வெளியேறித் தோலில் குத்தும். அரிப்புக்கு அதுதான் காரணம். சேம்பும் கருணையும் நாக்கில் அரிப்பது இதனால்தான். கொழுந்தாகப் பார்த்து நறுக்கி, கணுவை நீக்கி, நாலு பட்டையிலும் நாரை உரித்தபடியே இவ்வளவையும் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஊசியைப் பற்றிப் பேசுகிறவனுக்கு ஊசி குத்துவது தெரியாது. பேசி முடித்த பிறகுதான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மகளின் மாமனார், மாமியார். பட்டுக்கோட்டையில் ஒரு காதுகுத்து, போகிற வழியில் எட்டிப் பார்த்தார்கள். கும்பிட்டேன். கும்பிட்ட கையைப் பிரிக்க முடியவில்லை. உள்ளங்கை இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்தால்தான் கொஞ்சம் சுகமாக இருந்தது. சம்பந்தி உட்கார்ந்தார், நான் கும்பிட்டபடி தேய்த்தேன். சம்பந்தி தண்ணீர் குடித்தார், நான் தேய்த்தேன். "என்ன சம்பந்தி, நமக்குள்ள இதெல்லாம் எதுக்கு, உக்காருங்க" என்று அவர் கூச்சப்பட்டார். புறப்படும்போது என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, "ஏதாச்சும் பணமுடைன்னா தயங்காம சொல்லுங்க" என்றார். அவ்வளவு பணிவுக்கு வேறு காரணம் இருக்க முடியாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இன்றுவரை அவர் வீட்டில் எனக்குக் கடன்காரனுக்குரிய அனுதாபம் குறையாமல் கிடைக்கிறது.

புளியைக் கரைத்துக் கையைக் கழுவச் சொன்னார் அம்மா. கழுவினேன். எண்ணெய் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். அடங்கியது. அதற்குள் மீதிப் பிரண்டையை அவரே, எண்ணெய் தடவிய கையால், ஒரு வார்த்தை பேசாமல் உரித்து முடித்திருந்தார்.

துவையல் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். செய்தது நானில்லை, ஆகவே நம்பிச் செய்யலாம். உரித்த பிரண்டையைப் பொடியாக நறுக்கி நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை, அவசரப்படாமல் வதக்க வேண்டும். அரைகுறையாக வதக்கினால் தொண்டை சொல்லும். உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தனியாக வறுபடும். பிறகு புளி, உப்பு, கொஞ்சம் தேங்காய். அம்மியில் அரைத்தால் விசேஷம், மிக்சி என்றால் கொரகொரப்பாக நிறுத்திக்கொள்ள வேண்டும். சூடான சோறு, மேலே நல்லெண்ணெய். புளியைக் குறைத்தால் அரிக்கும் என்பது அம்மாவின் சட்டம். சட்டத்துக்குக் காரணம் கேட்டால் கரண்டி பதில் சொல்லும்.

சாப்பிட்டதும் பசி எடுத்தது. அதில் அதிசயமில்லை, பிரண்டை பழைய காலத்திலிருந்தே பெயர் வாங்கியது அதற்குத்தான். சித்த மருத்துவம் இதை எலும்புக்கு மட்டும் சொல்லவில்லை. வயிற்று மந்தம், வாயு, பசியின்மை, மூலம் என்று வயிற்றைச் சுற்றித்தான் அதிகம் சொல்கிறது. அப்பள மாவில் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைவதும், வத்தல் போட்டு வைப்பதும் அந்த வழியில் வந்த வழக்கங்கள்தாம். விருந்து முடிந்த வயிற்றுக்கு வீட்டிலேயே ஒரு காவல்.

அக்ரகாரத்து நண்பர் வீட்டில் திவசச் சமையலில் பிரண்டைத் துவையல் தவறாது. அதற்கு அவர்கள் சொல்லும் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வசிட்டர் வீட்டுத் திவசத்துக்குச் சாப்பிட வருகிறேன் என்ற விசுவாமித்திரர், ஆயிரத்தெட்டு காய்கறி வேண்டும் என்று நிபந்தனை போட்டாராம். அருந்ததி அசரவில்லை. பாகற்காய் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறுக்குச் சமம், பலாக்காய் அறுநூறுக்குச் சமம். மேற்கொண்டு எட்டுக் காய் சமைத்துக் கணக்கை முடித்துவிட்டாராம். நோய்க்கு மருந்து என்பதைவிட, அடாவடி விருந்தாளியைச் சமாளிக்கும் மருந்தாகப் பிரண்டை பயன்பட்ட முதல் சம்பவம் இதுதான் என்பது என் துணிபு. இந்தக் கணக்கைச் சொல்லி, பிரண்டைத் துவையலோடு முந்நூறு காய் தின்றாயிற்று, இனி கத்தரிக்காய் வேண்டாம் என்று ஒருநாள் தட்டை நகர்த்திப் பார்த்தேன். கத்தரிக்காய் தட்டோடு திரும்பி வந்தது.

எலும்புக்கு நல்லது என்பதும் வெறும் பாட்டிக் கதை இல்லை. வடநாட்டிலும் இதற்கு எலும்பை ஒட்டவைப்பது என்ற பொருளில் ஹட்ஜோட் என்றுதான் பெயர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் உடுப்பாவும் உடன் பணியாற்றிய பிரசாதும் எலும்பு முறிந்த சோதனை விலங்குகளுக்குப் பிரண்டை கொடுத்து, கதிரியக்கக் கால்சியத்தை வைத்து எலும்பு சேருவதை அளந்து, 1964-இல் வெளியிட்டார்கள். பிரண்டை கொடுத்தவற்றுக்கு எலும்பு சீக்கிரம் சேர்ந்து வலுப்பெற்றது. வேலை செய்வது பிரண்டையிலுள்ள ஸ்டீராய்டு வகைப் பொருள் என்பது அவர்கள் கருத்து. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "உங்களுக்கு எலும்பு எங்க முறிஞ்சுது?" என்று கேட்டார் மனைவி. ஆராய்ச்சியில் இது பெரிய ஓட்டை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

துவையலோடு நின்றிருந்தால் வீட்டில் மரியாதை கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எனக்குப் பிரண்டை உப்பு எடுக்கும் ஆசை வந்தது. சித்த மருந்துக்கடையில் சிமிழ் சிமிழாக விற்பார்கள், பெயரே கம்பீரம். முறை எளிது. பிரண்டையை நறுக்கிக் காயவைத்து, எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்கத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து வெயிலில் வைத்தால் தண்ணீர் வற்றி உப்பு அடியில் பூக்கும். கொல்லையில் மலைபோல் எரித்தேன். தெருவே இருமியது. கடைசியில் அகலத் தாம்பாளத்தின் ஓரத்தில் இரண்டு சிட்டிகை வெள்ளைப்பொடி கிடைத்தது. "சுத்தமான கால்சியம்!" என்று அதைத் தெருவில் நாலு பேரிடம் காட்டினேன். நாலாமவர் ரிட்டையர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாற்பது வருஷப் பழக்கம். பையன் தப்பாகச் சொன்னால் அவர் கை தானாகக் கண்ணாடிக்குப் போகும்.

"செடியைச் சுட்டா ஆக்சலேட்டு கால்சியம் கார்பனேட்டா மாறிடும் சார். அதாவது சுண்ணாம்புக்கல் சமாச்சாரம். அது தண்ணில கரையாது. கரைஞ்சு தெளிவுல வந்தது பெரும்பாலும் பொட்டாசியம் உப்பு. உங்க கால்சியம் அடியில தங்கின மண்டியில இருந்திருக்கும். அத என்ன பண்ணீங்க?"

மண்டி? அம்மாவைப் பார்த்தேன்.

"அதுவா? பித்தளைக் குடத்தைத் தேச்சேன். நல்லா பளபளன்னு வந்துச்சு" என்றார் அம்மா.

எங்கள் வீட்டில் கால்சியச் சத்து நிறைந்த ஒரே ஆசாமி அந்தக் குடம்தான். வாத்தியார் அத்தோடு விட்டாரா? எரிக்காமல் சமைத்துச் சாப்பிட்டாலும், ஆக்சலேட் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் கால்சியத்தைக் குடல் லேசில் உறிஞ்சாது என்றார். எதில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பது வேறு கணக்கு என்றார். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்சலேட் உள்ளதை மருத்துவரைக் கேட்காமல் வாரி வாரித் தின்னக்கூடாது என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இவரிடம் படித்திருந்தால் நான் கணக்குப்பிள்ளையாக ஓய்வு பெற்றிருக்க மாட்டேன், எட்டாவதிலேயே ஓடிப்போயிருப்பேன்.

என் அந்தஸ்தை அடுத்துக் குறைத்தது ஒரு பசுமாடு. 2012 முதல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டுக்கு ஒன்று என்றால் எங்கள் ஊரில் பஞ்சமில்லாமல் ஆலோசனை கிடைக்கும். அடுத்த வீட்டுக்காரர் பசு சினை நிற்கவில்லை என்று வந்து நாலு கைப்பிடி பிரண்டை கேட்டார். தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் விவசாயிகளிடம் கொண்டுசேர்த்த மரபுவழி மருத்துவமுறை அது. முதல் ஐந்து நாள் தினம் ஒரு முள்ளங்கி. அடுத்த நாலு நாள் சோற்றுக்கற்றாழை. அடுத்த நாலு நாள் முருங்கைக்கீரை நாலு கைப்பிடி. அப்புறம் நாலு நாள் பிரண்டை. கடைசி நாலு நாள் மஞ்சளோடு கறிவேப்பிலை. எல்லாம் வெல்லமும் உப்பும் சேர்த்து. வேலிப்பக்கம் நின்று பார்த்தேன். பசு பிரண்டை உருண்டையை வாங்கி மென்று விழுங்கிவிட்டு அடுத்த உருண்டைக்கு முகத்தை நீட்டியது. விளக்கம் எதுவும் கேட்கவில்லை, யாருக்கும் விளக்கம் சொல்லவும் இல்லை. பின்னால் அது சினையும் பிடித்தது.

"பாருங்க, வாயில்லா ஜீவன் சொன்னதைச் சாப்பிட்டுச்சு, வந்த காரியம் முடிஞ்சுது. நீங்க சாப்பிட்டுட்டு அதைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க" என்றார் மனைவி. மாட்டோடு ஒப்பிட்டு மாடு ஜெயித்தால் கணவன் என்ன செய்ய முடியும்? மாடிக்குப் போகலாம் என்று எழுந்து, பாதிப்படியில் நின்றேன்.

பையன் பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கிவந்த அன்று வீடு இரண்டு கட்சியானது. பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் கலந்து குழம்புப் பதமாகக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் பற்றுப் போட வேண்டும் என்பது அம்மா கட்சி. எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் காலைத் தொடக்கூடாது என்பது மனைவி கட்சி. நான் இரண்டு கட்சிக்கும் ஆதரவு தெரிவித்ததால் இரண்டு கட்சியும் என்னை நீக்கின. எக்ஸ்ரேயில் எலும்புக்குச் சேதமில்லை, வெறும் சுளுக்கு. பிறகு அம்மா பற்றுப் போட்டார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. எக்ஸ்ரேயால்தான் நிம்மதி என்றார் இவர். பற்றால்தான் குணம் என்றார் அவர். மூன்று நாள் பைக் சாவி தன்னிடம் இல்லாததால்தான் என்றான் பையன். வரிசை சரிதான் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது: முறிவு இல்லையென்று தெரிந்துகொண்ட பிறகு பற்று, தெரியாமல் பற்றுப் போட்டு, விலகிய எலும்பைக் கோணலாகச் சேரவிட்டால் அப்புறம் பிரண்டையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அந்தப் பையன்தான் கடைசியாக, "அப்பா, இதுக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" என்று இணையத்தில் ஒரு டப்பா வரவழைத்துத் தந்தான். பிரண்டையின் தாவரவியல் பெயரில் பாதியைப் போட்டு, மூட்டு வலுவுக்கு என்று எழுதி, மாத்திரைக் கூடுகளில் அடைத்து விற்கிறார்கள். வெளிநாட்டு உடற்பயிற்சிக்கூடங்களில் இதற்கு நல்ல கிராக்கியாம். டப்பாவின்மேல் சட்டையில்லாத ஒருவன் கையை மடக்கி நின்றான். விலையைச் சொன்னால் வேலியிலிருக்கும் பிரண்டைக்குக் கர்வம் வந்துவிடும்.

அம்மா டப்பாவை வாங்கி, படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இவன் பெரண்டை தின்னா இப்படி ஆனான்?"

"ஆமாம்மா, அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப இவன் அம்மா நல்லா வதக்கியிருப்பா" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு என் தீர்ப்பைக் கேட்டால் சொல்கிறேன். பிரண்டையில் என்ன சத்து, எத்தனை சதவீதம் என்று வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை வாயில் வைக்கும்படி செய்யத் தெரிந்தவர்கள் மற்ற இரண்டு பேர். எந்தக் கணுவோடு நிறுத்துவது, எதுவரை வதக்குவது, எவ்வளவு புளி என்பது கைபேசியில் வருவதில்லை. அது வராமல் மற்றதெல்லாம் வந்து ஒரு பிரயோசனமும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை துவையல், அதற்கு மேல் பேச்சுக் கிடையாது என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. டாக்டர் மாத்திரையும் தொடர்கிறது. முழங்கால் கொஞ்சம் தேவலை. சாயங்காலம் கல்லணைக் கால்வாய்க் கரையோரம் மனைவி என்னை நடக்க வைத்துக் கூட்டிப்போவது காரணமா, துவையல் காரணமா என்று ஆராய எனக்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது.

வேலியில் பிரண்டை மறுபடி தழைத்து நிற்கிறது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் தாராளமாகப் பறித்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். நல்லெண்ணெய் மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். முக்கியமாக, அதன் மருத்துவ குணம் என்ன என்று என் மனைவி காதுபட என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.